காற்றடிக்கும் நாளில் மட்டும் கதவைத் தட்டியவருக்கு

சைரன் அலறியது.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல், டங்காரா ஊர் மண்டபத்தில், நம் சாலைப் பிரிவு ரோக்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு "பெருமதிப்பிற்குரிய" என்று படிக்கத் தொடங்கிய அதே நொடியில் அலறியது. அதற்கு அடுத்த சொல்லை இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேக் பாதி வெட்டியபடி மேசையில் கிடந்தது. தடித்த தாளில் அச்சடித்து, சட்டம் போடத் தயாராக இருந்த அந்தப் பாராட்டு மடலை யாரோ தண்ணீரில் நனைத்து, காட்டுத்தீயின் புகை நுழையாமல் கதவிடுக்கில் செருகிவிட்டார்கள். நல்ல காரியம். அந்த மடலால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

அதில் உங்களைச் சேவைச் செம்மல் என்று எழுதியிருந்தோம். கடமைக் குன்று என்று எழுதியிருந்தோம். "கண்டிப்பானவர்" என்று நாங்கள் எழுதிய ஓர் இடத்தைக் கவுன்சில் இயக்குநர் பார்த்துத் திருத்தி, "அனைவரையும் அனுசரித்துப் போனவர்" என்று மாற்றியிருந்தார். நீங்கள் அனுசரித்துப் போன ஒரே ஒருவரை எங்களுக்குக் காட்டட்டும், அந்த மடலை அப்படியே மறுபடி அச்சடிக்கிறோம்.

ஆகையால் இது புது மடல். இயக்குநர் இதைப் பார்க்கவில்லை. இது ஊர் மண்டபத்தில் படிக்கப்படவும் இல்லை. கால்பந்துக் கிளப்பின் தகரக் கொட்டகையில், ஐஸ்பெட்டியின் இரைச்சலுக்கு நடுவில் படிக்கப்படுகிறது. விசாரணை நிலுவையில் உள்ள ஊழியருக்குக் கவுன்சில் செலவில் விழா கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. சொல்லட்டும். அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்திருக்கிறோம். இறைச்சிப் பணியாரம் இருக்கிறது, ஈஸ்ட் கேக் இருக்கிறது, ரோக்கோவின் மனைவி அனுப்பிய கத்தரிக்காய் ஊறுகாய் இருக்கிறது. கவுன்சில் வாங்கிய கேக்கைவிட இது ருசியாகவே இருக்கும்.

கிளெனிஸ் ட்ரெவின் அவர்களே,

காட்டோரத்து வீடுகளின் காவலரே, கங்கு விழும் இடத்தைக் கண்டு சொன்னவரே, கையெழுத்தைக் கடைச்சரக்காக்க மறுத்தவரே, வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மலைச்சரிவில் உங்கள் வேலை என்ன என்று கேட்டால், ஊரில் பாதிப் பேர் "வீடு கட்டவிடாமல் தடுப்பவர்" என்பார்கள். மீதிப் பேர் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். உண்மையில் உங்கள் வேலை எளிமையானது. வீட்டிலிருந்து காடு எவ்வளவு தள்ளி இருக்கிறது, அது என்ன மரம், நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று அளக்க வேண்டும். காடு பற்றிக்கொண்டால் இந்தச் சுவரின் மீது எவ்வளவு வெப்பம் படும், இந்தக் கூரையின் மீது எவ்வளவு கங்கு விழும் என்று கணக்குப் போட்டு, வீட்டுக்கு ஓர் அபாயத் தரம் குறிக்க வேண்டும். தரம் ஏற ஏறக் கட்டுகிறவருக்குச் செலவு ஏறும். தடித்த கண்ணாடி வேண்டும், சன்னலுக்கு எஃகு வலை வேண்டும், ஓட்டுக்கு அடியில் அடைப்பு வேண்டும். தரத்தைக் கொஞ்சம் இறக்கினால் எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் முன்னால் யாரும் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

மற்ற மதிப்பீட்டாளர்கள் வெயில் இதமாக இருக்கும் காலையில், காற்று அசையாத வேளையில் போய் அளந்துவிட்டு வருவார்கள். நீங்கள் காற்றடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பீர்கள். தொப்பி பறக்க, தலைமுடி கண்ணில் விழ, வாசலில் வந்து நிற்பீர்கள். முதலில் அளவு நாடாவை எடுக்க மாட்டீர்கள். வீட்டைச் சுற்றி நடந்து, காய்ந்த இலை எங்கே ஒதுங்கிக் கிடக்கிறது என்று பார்ப்பீர்கள். படிக்கட்டின் அடியில், கூரையோரத்து மழைநீர்த் தகரத்தில், கதவடியில், தேங்காய் நார் மிதியடியின் மேல் தேடுவீர்கள். இலையைக் கொண்டுவந்து போட்ட காற்றுதான் நாளைக்குக் கங்கையும் கொண்டுவந்து போடும், அதே மூலையில் போடும் என்பது உங்கள் கணக்கு.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நம் ஊர்க்காரர்கள் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் பெருக்கி வைக்கிற சாதி. அதிகாரி வருகிறார் என்றால் கேட்கவே வேண்டாம். குவாரித் தெரு லோர்னா பாஸ்கோ அம்மாளின் வாசலில் நடந்தது ஊரறிந்த கதை.

"நீங்க வரீங்கன்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து பளிச்சுனு பெருக்கிட்டேங்க, ஒரு சருகு இருக்காது பாருங்க."

"அய்யோ, அந்தச் சருகைத்தாம்மா நான் பாக்க வந்தேன்."

"குப்பையை எதுக்குங்க பாக்கணும்?"

"எங்க கெடந்துச்சோ அங்கயே திருப்பிக் கொட்டுங்க. நான் காப்பி குடிச்சிட்டு வரேன்."

"என் வீட்டுல நானே குப்பை கொட்டணுமா? உங்க ஆபீசுக்கு ஃபோன் போடறேன்."

"போடுங்க. ஷாரன்தான் எடுப்பா. குப்பை கொட்டியாச்சான்னு அவளும் கேப்பா."

உண்மையிலேயே ஷாரன்தான் எடுத்தாள். உண்மையிலேயே அதைத்தான் கேட்டாள். லோர்னா அம்மாள் உங்கள் மேல் மூன்று புகார் கொடுத்தார். பிறகு மிதியடியை ரப்பருக்கு மாற்றினார். சன்னலுக்கு வலை போட்டார். போன வெள்ளிக்கிழமை அவர் தெருவில் வீடுகள் போயின. அவர் வீடு போகவில்லை. இன்று அவரும் ஒரு தட்டுக் கொண்டுவந்திருக்கிறார். புகார்களைத் திரும்பப் பெறவில்லை என்றும் சொல்லச் சொன்னார்.

இனி அந்த மண்டப வேலிக்கு வருவோம். வராமல் போனால் இந்த மடலுக்கும் கதவிடுக்குதான் கதி.

ஊர் மண்டபத்தின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. "கடைசிப் புகலிடம்" என்று அதில் எழுதியிருக்கிறது. வீட்டில் இருக்க முடியாது, சாலையில் போக முடியாது என்ற நிலை வந்தால் இங்கே வாருங்கள் என்று அதற்குப் பொருள். அந்த மண்டபத்தின் வடக்குப் பக்கம் முழுக்கப் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். அந்தச் சன்னல்களிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஆள் உயரத்துக்கு மேல், விளார் வேலி. காய்ந்த குச்சிகளை அடுக்கி, நெருக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டுவது. இந்த மாநிலத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் அழகு. மழையில் கறுக்கும், வெயிலில் வெளுக்கும், தெருச் சத்தத்தை உள்ளே விடாது. எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் பிடிக்கும். பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கத்தான் பிடிக்காது.

மண்டப வேலியைக் கட்டியவர் எர்வின் நோஸ்கே. எண்பதைத் தாண்டிய பிறகும் சாவு வீட்டுக்குக்கூடக் கால்சட்டைப் பையில் குறடு வைத்துக்கொண்டு வருபவர். ஊரின் நூற்றாண்டு விழாவுக்கு அன்பளிப்பாகக் கட்டிக் கொடுத்தார். அவர் மகன் வேரன் நோஸ்கே இன்று நம் இயக்குநர். எனவே அது வேலி என்ற நிலையிலிருந்து பாரம்பரியச் சின்னம் என்ற நிலைக்கு உயர்ந்தது.

ஆண்டுதோறும் மண்டபத்தைப் பார்வையிட்டு, புகலிடத்துக்குத் தகுதியானது என்று கையெழுத்திட வேண்டியவர் நீங்கள். ஆண்டுதோறும் மறுத்தீர்கள். கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். பேசியது காதில் இருக்கிறது.

"கிளெனிஸ், அது பாரம்பரியச் சின்னம்."

"நல்லா எரியற சின்னம், வேரன்."

"இத்தனை வருஷமா நிக்குது. ஒண்ணும் ஆகலையே?"

"இத்தனை வருஷமா காயுதுன்னு அர்த்தம்."

"எங்கப்பா தன் கையால கட்டினதுங்க."

"அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. வேலியைக் கழட்டவும் சொல்லு."

அன்றைக்கு நீங்கள் விளக்கியதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது. கங்கு வந்து வேலியில் விழும். வேலி எரிகிற சூட்டில் சன்னல் கண்ணாடி வெடிக்கும். வெடித்த ஓட்டை வழியாக அடுத்த கங்கு உள்ளே வரும். உள்ளே நம்மை நம்பி வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இதற்குமேல் ஒருவருக்கு என்ன சொல்ல வேண்டும்? இயக்குநர் குறித்துக்கொண்டார். "பரிசீலிக்கலாம்" என்றார். அந்த ஆண்டு வேலிக்கு எண்ணெய் பூசினார்கள். ஆமாம், எண்ணெய். மரம் வெளுக்காமல் இருக்க.

எர்வினை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா மனசு புண்படும் என்று மகனே அவர் சார்பில் பேசி முடித்துவிட்டார்.

பிறகு திடீரென்று நீங்கள் ஓய்வு பெற விரும்புவதாகச் சுற்றறிக்கை வந்தது. உங்கள் விருப்பத்தை நீங்களே அதில் படித்துத்தான் தெரிந்துகொண்டீர்கள். ஷாரன் உங்கள் மேசைக்கு ஓடிவந்து, "நீங்க போறீங்களாமே" என்று கேட்டபோது, "அப்படித்தான் போல" என்றீர்கள். அன்றைக்கு நீங்கள் கோபப்படவில்லை. அதனால் அந்தக் கோபத்தை நாங்கள் எடுத்து வைத்திருந்தோம். இன்று செலவழிக்கிறோம்.

விழாவை வெள்ளிக்கிழமை வைக்க வேண்டாம், அனலடிக்கும் வடக்குக் காற்று வரப்போகிறது என்று சொன்னீர்கள். இயக்குநர் சிரித்தார்.

"காத்துன்னாத்தான் உங்களுக்குப் பிடிக்குமே. கேக்குக்குச் சொல்லியாச்சுங்க. அதுவும் எங்க வைக்கிறோம்? புகலிடத்துல. அதைவிடப் பத்திரமான எடம் இந்த ஊர்ல இருக்கா?"

உங்களுக்கு மரியாதை செய்வதற்காக மண்டப முற்றம் சுத்தம் செய்யப்பட்டது. எப்படி? இலை ஊதும் இயந்திரத்தால். முற்றத்துச் சருகு முழுவதும் ஊதப்பட்டு எங்கே போனது? வேலியின் அடியில். முழங்கால் உயரத்துக்கு வரிசையாக, மெத்தை போட்டதுபோல. நீங்கள் வந்து இறங்கியதும் அங்கேதான் நின்றீர்கள். செருப்பு முனையால் அதை ஒரு தள்ளு தள்ளினீர்கள். உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். இலையைப் பற்றி முப்பது ஆண்டு பேசியவருக்கு இந்தக் கவுன்சில் செய்த மரியாதை அது.

அடுத்த மரியாதை பேனா. பெட்டியில் வைத்து, நாடா கட்டி, இயக்குநரே எழுந்து கொடுத்தார். கைதட்டல் ஓய்வதற்குள் கேக் பக்கத்தில் ஒரு தாளை விரித்தார். மண்டபத்தின் தகுதிச் சான்றிதழ்.

"புதுப் பேனாவோட முதல் கையெழுத்து இதுலயே ஆகட்டும். எல்லாரும் பாக்கறோம், என்ன சொல்றீங்க?"

கேக் வெட்டும் மேசையில், சிறு குழந்தைகளும் எர்வின் போன்ற வயதானவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, மறுக்க முடியாத இடத்தில் உட்காரவைத்துக் கேட்டார். இதற்குப் பெயர் பாராட்டு விழா.

"பேனா அழகா இருக்கு வேரன்," என்றீர்கள். "வேலி இன்னும் அங்கயே இருக்கு."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தீர்கள். நிலைமையைச் சமாளிக்கத்தான் ரோக்கோ அவசரமாக எழுந்து "பெருமதிப்பிற்குரிய" என்றான். அப்போதுதான் சைரன்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வோம். முதலில் வண்டிகள் வந்தன. நாய்களோடு வந்தார்கள், கூண்டுக் கிளியோடு வந்தார்கள், ஈரத்துண்டு போர்த்திய குழந்தைகளோடு வந்தார்கள். பலகையை நம்பி வந்தார்கள். கேக் தட்டுகளை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர்க் குவளைகளை அடுக்கினோம். வெளியே வெயில் செம்பு நிறமாகி, பிறகு பிற்பகலிலேயே இருட்டியது. காடு இன்னும் அந்தப் பக்கத்து மலையில்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் நார்ப்பட்டை மரங்களின் பட்டை, நாடா நாடாவாகக் கிழிந்து, முனையில் சிவப்போடு, மலையைத் தாண்டிப் பறந்து வந்தது. கூரையில் விழுந்தது. முற்றத்தில் விழுந்தது. முற்றம் சுத்தமாக இருந்ததால் உருண்டு உருண்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

வேலி பற்றிக்கொள்ளும்போது சத்தம் வராது என்று நினைத்திருந்தோம். வருகிறது. எண்ணெய்ச் சட்டியில் எதையோ போட்டதுபோல.

நீங்கள் சன்னல் கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பார்த்தீர்கள். வெடுக்கென்று எடுத்தீர்கள். கத்தவில்லை. "எல்லாரும் எதிர்ச் சுவத்துக்குப் போங்க. பிள்ளைங்கள முதல்ல," என்றீர்கள். சாப்பாட்டு வரிசையில் முந்தாதீர்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னீர்கள். அத்தனை பேரும் நகர்ந்தார்கள்.

"ரோக்கோ, வண்டியில சங்கிலி இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"வேலியைக் கழட்டப் போறோம்."

"வேரன்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவன் சமையக்கட்டுல ஃபோன் பேசிட்டிருக்கான். வா."

"அது வராது கிளெனிஸ். குழாய் பதிக்கும்போது இழுத்துப் பாத்தோமே, சங்கிலிதான் அறுந்துச்சு. மூணு வரிசைக் கம்பி ஓடுது அதுல."

"இன்னைக்கு வரும். எரியாத பக்கமாப் பாத்துச் சங்கிலியை மாட்டு. மாட்டிட்டு வண்டியில ஏறி உக்காரு. நான் கையைக் காட்டினதும் எடு."

ரோக்கோ வண்டியில் உட்கார்ந்திருந்தான். புகையில் பின்னால் எதுவும் தெரியவில்லை என்கிறான். கை தெரிந்தது, எடுத்தான். குழாய் பதித்த அன்று அசையாத அந்த வேலி, கொக்கி கழன்ற திரைச்சீலை போல ஒரே நீளமாக வந்தது. எரிந்துகொண்டே வந்தது. சரளைக்கல் போட்ட மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் விட்டான். அங்கே கிடந்து, யாருக்கும் கெடுதல் இல்லாமல், எரிந்து முடிந்தது. ஒரு சன்னலில் மட்டும் விரிசல் விழுந்தது. உள்ளே ஒரு கங்கும் வரவில்லை. தீயணைப்புத் தன்னார்வலர்கள் வந்து சேர்ந்தபோது நீங்கள் படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தீர்கள். வெளியே போய் வந்த எல்லோருடைய சட்டையும் கருகியிருந்தது. யார் யார் போனார்கள் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. ஊரில் வீடுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

இதுவரை நடந்தது நெருப்பு செய்தது. இனிமேல் நடந்தது மனிதர்கள் செய்தது. எங்கள் கோபம் நெருப்பின் மேல் அல்ல.

சாம்பல் ஆறுவதற்குள் கவுன்சில் அறிக்கை வெளியிட்டது. "டங்காரா ஊர் மண்டபம் தன் தகுதியை நிரூபித்துவிட்டது" என்று முதல் வரி. இரண்டாவது வரியில், பாரம்பரிய நிதியில் விளார் வேலி முன்பிருந்த அதே இடத்தில், அதே உயரத்தில் மீண்டும் கட்டப்படும். மூன்றாவது வரி உங்களைப் பற்றியது. உங்கள் பெயர் இல்லை. "பாரம்பரியச் சொத்தைச் சேதப்படுத்திய ஊழியர்" என்று இருக்கிறது.

மண்டபம் பிழைத்தது வேலி போனதால். வேலி போனதற்கு விசாரணை. மண்டபம் பிழைத்ததற்குப் பாராட்டு. இரண்டையும் ஒரே தாளில் எழுத ஒருவருக்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று வியக்கிறோம். அதே துணிவில் ஒரு கால்பங்கு அன்றைக்குச் சமையற்கட்டை விட்டு வெளியே வந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை விசாரணை. இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும்: அங்கே பேசப்போவது வேலியின் விலை அல்ல. குற்றம் உறுதியானால் உங்கள் மதிப்பீட்டாளர் உரிமம் ரத்தாகும். ஓய்வு பெறுகிறவருக்கு உரிமம் எதற்கு என்று கேட்காதீர்கள். உரிமம் ரத்தானால், நீங்கள் தரம் குறித்த எந்த வீட்டுக்கும் யார் வேண்டுமானாலும் மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்காகக் காத்திருக்கும் கட்டுமானக்காரர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியும். காற்று அசையாத ஒரு காலையில், பெருக்கி வைத்த வாசலில், இதமான வெயிலில் நின்று தரத்தை இறக்குவார்கள். சன்னல் வலை இல்லாமல், தடித்த கண்ணாடி இல்லாமல் வீடுகள் எழும். அவற்றில் குடும்பங்கள் குடியேறும். நீங்கள் முப்பது ஆண்டு வாசல் வாசலாகப் போய்ச் சண்டை போட்டது அத்தனையும் ஒரு வேலியோடு சேர்த்து இழுத்துப் போடப்படும்.

எனவே நாங்கள் இதைக் கூட்டத்தில் வைத்தே சொல்லிவிடுகிறோம். அந்த வேலி மீண்டும் எழுந்தால், அந்த மண்டபத்துக்குத் தகுதிச் சான்றிதழில் எங்களில் ஒருவரும் கையெழுத்திட மாட்டோம். பலகையை முதலில் கழற்றட்டும். பிறகு வேலியைக் கட்டட்டும். புகலிடம் என்று எழுதிவைத்துக் கொள்ளிக்கட்டைக்குப் பக்கத்தில் குழந்தைகளை உட்காரவைக்க எங்கள் கை வராது.

உங்கள் மேலும் எங்களுக்கு ஒரு கோபம் உண்டு. பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று வாக்கெடுத்தோம். எழுதலாம் என்று முடிவானது.

விசாரணைக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், "முழுவதும் நானே செய்தேன், தனியாகச் செய்தேன், ஓட்டுநர் என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார், வேறு யாரும் இல்லை" என்று கையெழுத்திட்டிருக்கிறீர்கள். ரோக்கோ உங்களிடம் சண்டைக்கு வந்தான்.

"சங்கிலியை மாட்டினது நானு. வண்டியை எடுத்தது நானு. என்னை எதுக்குங்க அப்பாவி ஆக்கறீங்க?"

"உனக்கு இன்னும் வேலைக்காலம் இருக்குடா, பேசாம இரு."

"சரி, அதை விடுங்க. அந்தக் கம்பி எப்படி அறுந்துச்சு? மூணு வரிசை. இழுத்துக் கட்டின கம்பி."

"நான்தான் வெட்டினேன்."

"எதால?"

"கேக் வெட்டற கத்தியால."

"கேக் கத்தியாலயா?"

"நல்ல கத்தி. கவுன்சில் வாங்கினது."

கிளெனிஸ், எரிகிற வீட்டைக்கூட எரியாத வீடு என்று எழுதித் தரச் சொன்னவர்களிடம் முப்பது ஆண்டு "மாட்டேன்" என்றவர் நீங்கள். உங்கள் கையெழுத்தை நாங்கள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. இந்த ஒன்றைச் சந்தேகிக்கிறோம். மண்டபத்துக் கேக் கத்தி பிளாஸ்டிக்.

இனி வாழ்த்து. உங்கள் நெஞ்சிலிருந்து அந்தப் புகை முழுவதும் இறங்கட்டும். இருமல் இல்லாத குளிர்காலம் உங்களுக்கு வாய்க்கட்டும். காற்றடிக்கும் நாளில் கதவைச் சாத்திக்கொண்டு, சூடான காப்பியைச் சூடாகவே குடிக்கும் சுகம் பல்லாண்டு கிடைக்கட்டும். யாருடைய வாசலிலும் சருகைத் தேடாமல், சும்மா நடந்துபோகக் கண்ணுக்குப் பழகட்டும். பழகாது என்று தெரியும், ஆனாலும் வாழ்த்துகிறோம். திங்கட்கிழமை நீங்கள் தனியாகப் போக மாட்டீர்கள். சாலைப் பிரிவு, கட்டடப் பிரிவு, தொலைபேசி ஷாரன், அத்தனை பேரும் விடுப்பு எழுதிவிட்டோம். லோர்னா பாஸ்கோ அம்மாளும் வருகிறார். யாரை எதிர்த்துப் புகார் கொடுக்க என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

நீங்கள் மேசைமேல் விட்டுவிட்டுப் போன அந்தப் பேனாவை ரோக்கோ பத்திரமாக எடுத்துவந்தான். அதன் முதல் கையெழுத்து இந்த மடலில்தான் விழுந்திருக்கிறது. கீழே எங்கள் பெயர்களையெல்லாம் அதில்தான் எழுதியிருக்கிறோம்.

கடைசியில் இருக்கும் கையெழுத்து மட்டும் எங்கள் அலுவலகத்தாருடையது அல்ல. இன்று காலை நாங்கள் இங்கே மேசை போட்டுக் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, எர்வின் நோஸ்கே தனியாக நடந்து வந்தார். மகனுடைய அறிக்கையைப் படித்துவிட்டு வருவதாகச் சொன்னார். நின்றபடியே அதுவரை எழுதியிருந்த இந்த மடலையும் முழுவதும் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். இது ஆபீஸ்காரர்கள் போடுகிற கையெழுத்து, நீங்கள் எதற்கு என்று ரோக்கோ கேட்டான். அவர் கையெழுத்தைப் போட்டு முடித்தார். கருகிய சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்து குறட்டை எடுத்துப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என் மகன்கிட்டச் சொல்லாதேன்னு நான்தான் அவகிட்டக் கேட்டுக்கிட்டேன், இப்ப விசாரணையில நானே சொல்றேன்: அது நான் கட்டின வேலி, எந்தக் கம்பிய வெட்டினா மொத்தமும் விழும்னு எனக்குத்தானடா தெரியும்."